லைன்ல இரு

சிணுங்கி கையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தபோது லேப்டாப் தூங்கிப் போயிருந்தது.

சாப்பாடு முடிந்து சாய்ந்த மனுஷன் மாதிரி நல்ல தூக்கம். ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மட்டும் மூச்சு விடுவதுபோல் மங்கி மங்கி எரிந்தது. திரையில் இருக்க வேண்டிய அம்மாவின் சமையலறை ஜன்னலைக் காணோம்.

நுரையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினாள். ஜன்னல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நீலத் திரைச்சீலை, அலமாரியின் ஓரம், எங்கிருந்தோ எழும் ஆவி.

"அம்மா, இருக்கியா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாத்திரத்தில் கரண்டி பட்ட சத்தம்.

டொக்.

சிணுங்கி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு தட்டு என்றால் 'இருக்கேன்'. இரண்டு தட்டு என்றால் 'வேண்டாம்', அல்லது 'இல்லை'. மூன்று தட்டு இதுவரை வந்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் கவலையும் அவளுக்கு உண்டு.

சிணுங்கி என்பது வீட்டில் வைத்த பெயர். தொட்டால் சுருங்குகிற அந்தச் செடியின் பெயரில் பாதி. ஆபீஸ் அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். மூன்றாவது மாடியில், பாதி அறை அவளுக்கு, பாதி அறை நர்ஸ் அக்காவுக்கு. ஒரு பஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கால அட்டவணை சரிபார்ப்பது வேலை. எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும், எதற்குப் பின்னால் எது வரும் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால், சாயங்காலம் கண்ணை மூடும்போது பஸ்களெல்லாம் மீன்களாகி ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி நீந்திப் போகும்.

ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டர் மேஜையின் வலது பக்கம். இடது பக்கம் அவளுடைய பழைய லேப்டாப். படித்த காலத்தில் வாங்கியது. அதற்கு இப்போது ஒரே ஒரு வேலை: அம்மாவோடு லைனில் இருப்பது.

பேசுவது அல்ல, இருப்பது. காலையில் பத்து நிமிஷம் அம்மா முகத்தைக் காட்டுவாள். பிறகு தன்னுடைய கம்ப்யூட்டரை சமையலறை அலமாரி மேல் தூக்கி வைத்துவிடுவாள்.

"என் மூஞ்சிய நாள் பூரா எவ பாப்பா. நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்குறேன். லைன்ல மட்டும் இரு."

சாயங்காலம் மறுபடி முகம் வரும். நடுவில் ஜன்னல்தான். ஆபீஸ் ஆட்களோடு போனில் பேசும்போது அம்மாவின் குரல் கேட்டுவிடக் கூடாதென்று பகலில் பேச்சு கிடையாது. கரண்டித் தட்டு மட்டும். குழாய் திறக்கும், மூடும். தட்டுகள் உரசும். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பொழுது சாயும் என்பதால், இவள் அறையில் வெளிச்சம் வெள்ளையாக இருக்கும்போதே அந்த ஜன்னலில் தேன் நிறம் இறங்கிவிடும். சிணுங்கி ஒரே நாளில் இரண்டு மத்தியானங்களில் வாழ்ந்தாள். எது தன்னுடையது என்று சில சமயம் யோசிக்க வேண்டியிருந்தது.

இதில் விளையாட்டு ஒன்றுமில்லை. வந்த இரண்டாம் மாதம் ஒருநாள் லேப்டாப் தூங்கி, லைன் நாற்பது நிமிஷம் அறுந்துபோனது. பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று அம்மா செருப்புப் போடாமல் மாடிப்படியில் ஓட, கடைசிப் படியில் கால் இடறி, பிரஷர் எகிறி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை. அவர் நம்பரை சிணுங்கி போனில் 'அவசரம்' என்று போட்டு வைத்திருந்தாள்.

"இவங்களுக்குப் பதட்டமே ஆகாது" என்று டாக்டர் சொன்னதாக மாமா சொன்னார். அதை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்தாள். லைன் அறுந்தால் அம்மாவுக்குப் பதட்டம் வரும், பதட்டம் வந்தால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும். இவ்வளவுதான் கணக்கு.

"அப்ப அது தூங்குறதையே நிப்பாட்டிடேன்" என்றாள் நர்ஸ் அக்கா, கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து. அவளுக்கு ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவாள், தூக்கத்திலேயே பதில் சொல்வாள், எழுந்ததும் எதுவும் ஞாபகம் இருக்காது.

"முடியுமாக்கா?"

"செட்டிங்ஸ்ல இருக்கும். என்னையும் சேர்த்துத் தூங்கவிடாம பண்ற மாதிரி ஏதும் அமுக்கிடாத."

சிணுங்கி தேடிப் பிடித்தாள். 'எவ்வளவு நேரம் கழித்துத் தூங்க வேண்டும்' என்று அது பணிவாகக் கேட்டது. ஐந்து நிமிஷம், அரை மணி, ஐந்து மணி என்று வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று ஒன்று. அதை அமுக்கினாள். திரை அணைய வேண்டுமா? ஒருபோதும் வேண்டாம். மூடியை மூடினால்? ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கும் கீழே, மூளையின் வேகத்தை எந்த அளவுக்குக் குறைய விடலாம் என்று கேட்டது. குறைவானேன்? நூறு சதவீதத்திலேயே நிற்கட்டும் என்று வைத்தாள். 'சூடு அதிகமாகலாம், பரவாயில்லையா' என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அம்மாவை விடவா என்று நினைத்துக்கொண்டு 'பரவாயில்லை'யை அமுக்கினாள்.

அன்று முழுக்க லைன் அறவில்லை. சாயங்காலம் முகத்தைக் காட்டிய அம்மா கேட்டாள்.

"என்னடி, இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கு?"

"இனிமே இது தூங்காதும்மா. நீ பயப்படவே வேண்டாம்."

"அப்படியா. ஒரேடியாவா?"

"ஒரேடியா. எந்நேரமும் நான் இருப்பேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று சிணுங்கி எடுத்துக்கொண்டாள்.

"நீ வெளிய கிளிய எங்கயும் போறதில்லையா கண்ணு? சினேகிதிங்களோட?"

"நீ லைன்ல இருக்கும்போது எப்படிம்மா போறது?"

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா. அப்புறம் கூந்தலை ஒதுக்கினாள்.

"உன் வலது கை மட்டும் ஏம்மா இப்படிக் கறுத்திருக்கு?"

"துணி காயப்போட்டேன்."

"ஒத்தக் கையாலயா?"

"மாமா வர்ற மாதிரி இருக்கு, வைக்கிறேன்" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் லேப்டாப்பிலிருந்து ஓர் ஆறு ஓடத் தொடங்கியது. உள்ளே இருந்த விசிறி உச்ச வேகத்தில் சுற்றியது. முதலில் அது நன்றாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பஸ் அட்டவணை பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலில் அம்மாவின் குழாயும் தட்டும் முங்கிப்போயின. 'இருக்கியா' என்று கேட்டால் டொக் வந்ததா, மேஜைதான் அதிர்ந்ததா என்று தெரியவில்லை. ஒரே மத்தியானத்தில் பதினாலு தடவை கேட்டாள். பதினாலாவது டொக்கில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது.

"சத்தம் வராம இருக்க என்ன பண்றது அக்கா?"

"தலகாணியில அமுக்கு" என்றது போர்வை.

சிணுங்கி தன் தலையணையைக் கொண்டுவந்து லேப்டாப்பை அதில் குழந்தை மாதிரி கிடத்தினாள். ஆறு அடங்கி ஓடையானது. அம்மாவின் சமையலறை திரும்பி வந்தது. யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். அது உருண்டு உருண்டு ஓய்ந்த சத்தம்கூடச் சங்கீதமாகக் கேட்டது.

மத்தியானம் பக்கத்துப் பால்கனிப் பூனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராகத் தலையணையில் ஏறி, லேப்டாப்பில் காற்று வெளியேறும் பக்கமாக முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. விரட்டினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. லேப்டாப் தூங்காததற்கும் சேர்த்துப் பூனை தூங்கியது.

சாயங்காலம் எழுந்த நர்ஸ் அக்கா மேஜைப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி இது, இஸ்திரி போடுற வாசனை?"

லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்தாள். ஜுரம் பார்க்கிற அதே கை.

"இது மனுஷனா இருந்தா இந்நேரம் பெட்ல போட்டிருப்போம். எந்தப் புத்திசாலி தலகாணியில வச்சது?"

"நீங்கதான்க்கா சொன்னீங்க."

"நானா? நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்."

அவளே நாலு டீ கோப்பைகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின்மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தாள். "அடியில காத்து போகட்டும். இன்னைக்கு ராத்திரி எனக்கு லீவு. நாளைக்கு மத்தியானம் ஏரிக்குப் போறோம், நீயும் வர்ற. எட்டு மாசமா ஏரியைப் பாக்காத ஒரே ஆள் இந்தத் தெருவுல நீதான்."

"பகல்லயா? அம்மா தனியா இருப்பாங்களே."

"உங்கம்மா வீட்ல. நீ இங்க. ஏற்கெனவே தனியாத்தானே இருக்காங்க?"

"இல்லக்கா. லைன்ல இருக்கோம்."

நர்ஸ் அக்கா அவளை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மறுநாள் தனியாகவே ஏரிக்குப் போனாள்.

கோப்பைகள் வேலை செய்தன. சூடு தணிந்தது, ஆறு அடங்கியது. அப்போதுதான் இன்னொரு சத்தம் வெளியே வந்தது.

கர்ர்ர். கொஞ்சம் நிறுத்தம். கர்ர்ர்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. மூன்று மணிக்கு நின்றது. மறுநாளும் அப்படியே. எங்கேயோ தொலைவில் யாரோ ஒரு மரப்பெட்டியைத் தரையில் இழுத்து, களைத்து நின்று, மறுபடி இழுப்பது மாதிரி. அந்த ஒரு மணி நேரமும் 'இருக்கியா' என்றால் அம்மாவிடமிருந்து டொக் வருவதில்லை. இந்தச் சத்தத்தில் தன் குரல் அங்கே போய்ச் சேரவில்லை என்று சிணுங்கி முடிவு கட்டினாள். மூன்று மணிக்கு மேல் கேட்டால் அவசர அவசரமாக ஒரு டொக் வந்து விழுந்தது. பாவம், அம்மா எவ்வளவு தவித்திருப்பாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டாள்.

"தினமும் ரெண்டு மணிக்கா?" என்றார் அவர்.

"ஆமாங்க. டாண்ணு ரெண்டுக்கு."

"மூணு மணிக்கு நின்னுடுதா?"

"நின்னுடுது."

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம். மிஷினு நல்லா இருக்கும்மா, எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல."

"விளையாடாதீங்க. போற நிலைமையில இருக்கா?"

"சத்தத்தை வச்சுப் பாத்தா ஃபேன் தேஞ்சிருக்கும். ரொம்ப ஓட்டுனா ஒருநாள் சிக்கி நின்னுடும். கொண்டாந்து ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நாளா? ரெண்டு நிமிஷம்கூட முடியாதுங்க."

"அப்ப அதுக்கு ரெஸ்ட் குடுங்க" என்று வைத்துவிட்டார்.

ரெஸ்ட். சிணுங்கி மறுபடி செட்டிங்ஸுக்குள் போனாள். இப்போது அவளுக்கு அந்த இடம் சொந்த வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரிப் பழகிவிட்டது. சூடானால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு கேள்வி இருந்தது. ஒன்று, உடனே விசிறியைச் சுற்ற வேண்டும். இன்னொன்று, முதலில் மூளையின் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்து முடித்த பிறகுதான் விசிறி. விசிறிக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். மூளையின் வேகம் குறையவே கூடாது என்று மூன்று பக்கம் தள்ளி ஏற்கெனவே அவளே உத்தரவு போட்டிருந்தது மறந்தேபோயிற்று.

ஆக, அந்த லேப்டாப்புக்குத் தூங்க அனுமதியில்லை. மெதுவாக ஓட அனுமதியில்லை. விசிறிக்கொள்ளவும் அனுமதியில்லை.

அறை அமைதியானது. அப்படியோர் அமைதி எட்டு மாதத்தில் கண்டதில்லை. நர்ஸ் அக்காவின் மூச்சு, பூனையின் மூச்சு, அந்தக் கரையில் சொட்டும் குழாய். அம்மாவின் ஜன்னலில் நீலத் திரைச்சீலை காற்றில் எழும்பி, இறங்க மறந்து அப்படியே நின்றது. படம் சிறு சிறு சதுரங்களாக உதிர்ந்து, யோசித்து யோசித்துக் கூடியது. ஆவி மேலே போகாமல் பூப்போல் ஓரிடத்திலேயே விரிந்தது. சிணுங்கி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலது பக்கம் பஸ்கள் நீந்திக்கொண்டிருந்தன.

மணி இரண்டு.

கர்ர்ர்.

விசிறி ஓடவே இல்லை. சத்தம் மட்டும் வந்தது, முன்னைவிடத் துல்லியமாக. விசிறி இல்லையென்றால் இன்னும் உள்ளே ஏதோ போய்விட்டது. லேப்டாப்பின் அடியைத் தொட்டாள்; விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா. அக்கா, சுடுது."

"ஐஸ் வையி" என்றது போர்வை.

ஃபிரிட்ஜில் நர்ஸ் அக்கா தன் முழங்கால் வலிக்கு வைத்திருந்த ஐஸ் பை இருந்தது. அதைத் துணியில் சுற்றிக் கோப்பைகளுக்கு நடுவே செருகினாள். உஸ்ஸென்று ஒரு நிம்மதி. திரைச்சீலை மறுபடி அசைந்தது. வெற்றி என்று நினைத்து நெற்றியைத் துடைத்தாள்.

லேப்டாப்புக்கும் வியர்த்தது. விளிம்பில் முத்து முத்தாகத் துளிகள் கோத்தன. ஒரு துளி மெதுவாக உருண்டு, எழுத்துகளுக்கு நடுவே போய், காணாமல் போனது.

பூனை தலையைத் தூக்கியது. எழுந்து, முதுகை நீட்டி நெளித்து, மேஜையிலிருந்து இறங்கி ஜன்னல் வழியாக வெளியே போனது.

டிக் என்றது லேப்டாப்.

திரை கறுத்தது. மூச்சு விடுகிற அந்த வெள்ளை விளக்குகூட இல்லை. இது தூக்கம் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

சிணுங்கி எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினாள். தூக்கிக் குலுக்கினாள். ஒரு கோப்பை உருண்டு கீழே விழுந்து உடைந்தது. போர்வை விலகி நர்ஸ் அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"லைன் போயிடுச்சுக்கா."

"போனா போகுது, போன் பண்ணிச் சொல்லு."

அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அதற்குள் படியில் ஓடியிருப்பாள். செருப்புப் போட்டாளோ இல்லையோ. கடைசிப் படி. சுவரில் ஒட்டிய தாள் அவளையே பார்த்தது. ஐந்து நிமிஷம். ஆறு. மூன்றாம் முறையும் அடித்து அடித்து ஓய்ந்தது.

"மூச்சு விடு முதல்ல" என்றாள் நர்ஸ் அக்கா. "பக்கத்துல யாராவது இருக்காங்களா அங்க?"

சிணுங்கி 'அவசரம்' என்ற பெயரைத் தேடி அமுக்கினாள். பத்துப் பன்னிரண்டு தடவை மணி அடித்த பிறகு மாமா எடுத்தார். தூக்கக் கலக்கமான குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"யாரு?"

"மாமா, நான் சிணுங்கி. லைன் கட்டாயிடுச்சு மாமா, அம்மா போனை எடுக்கல. கொஞ்சம் எங்க வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாருங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எதுக்கும்மா ஓடணும்? உங்க வீட்லதானே இருக்கேன். சமையக்கட்டுல."

"வந்துட்டீங்களா? அப்ப அம்மா விழுந்துட்டாங்களா?"

"யாரும் விழலம்மா."

"பிரஷர்?"

"அதெல்லாம் போன வாரம்தான் பாத்தாங்க. எனக்கு இருக்கிறதைவிட நல்லா இருக்கு. எனக்குத்தான் இந்த வாரம் புது மாத்திரை, மத்தியானமானா கண்ணைச் சொருகுது."

சிணுங்கி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. நர்ஸ் அக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். போனில், குழாய் சொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்ப அம்மாகிட்ட போனைக் குடுங்க மாமா. நான் இங்கயேதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி முனகியது. மாமா தொண்டையைச் செருமினார். ஒட்டின உறையைத் தப்பாகப் பிரித்துவிட்ட மனிதர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அது முடியாதும்மா. உங்கம்மா மூணு மாசமா பகல்ல டாக்ஸி ஓட்டப் போயிடுறாங்க. பிள்ளை தனியா இருந்தா பயந்துடும், நான் வர்ற வரைக்கும் லைன்ல இருங்கன்னு என்னையில்ல இங்க உக்கார வச்சிருக்காங்க."